ஃபாபா பீன்ஸ் மகசூல் எங்கே குறைகிறது? வயலிலேயே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபாபா பீன்ஸ் பயிரிடுபவர்களிடம் பேசினால் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: ஒரு வருடம் கொட்டிக் கொடுக்கிறது, அடுத்த வருடம் கைவிட்டுவிடுகிறது. அதே ரகம், அதே நிலம், அதே உழைப்பு. உலக அளவில் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2 டன். நல்ல மண்ணும் நீண்ட குளிர்ந்த பருவமும் வாய்த்த வயல்களில் 6 டன்னைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஒரே காரணம் இருக்க முடியாது.

மகசூல் குறைந்ததும் கடைசியாகக் கண்ணில் பட்டதன் மேல் பழியைப் போடுவது வழக்கம். அறுவடைக்கு முன் இலையில் புள்ளி தெரிந்தால் நோய், வெயில் அடித்தால் வறட்சி. ஆனால் இந்தப் பயிரின் மகசூல் ஒரே நாளில் முடிவாவதில்லை. முளைப்பு, கிளைப்பு, பூ, காய்பிடிப்பு, விதை நிரம்புதல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முடிவாகிறது. எந்தக் கட்டத்தில் இழந்தோமோ அதன் தடயம் செடியிலேயே நிற்கும். ஆகவே முதலில் 'எப்போது' இழந்தோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். 'ஏன்' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் தேவையில்லாத மருந்துக்கும் உரத்துக்கும் பணம் போகும்.

இங்கே பேசுவது கொடியாகப் படராமல், நாற்கோணத் தண்டோடு நிமிர்ந்து வளரும் ஃபாபா பீன்ஸ் (அறிவியல் பெயர் விசியா ஃபாபா) பற்றி. கொடி அவரைக்கு இந்த எண்கள் பொருந்தாது.

படி 1: உங்கள் வயலின் உச்சவரம்பைக் கணக்கிடுங்கள்

எவ்வளவு கிடைத்திருக்கலாம் என்று தெரியாமல் எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முடியாது. பாசன வசதி குறைந்த இடங்களில் உச்சவரம்பைத் தீர்மானிப்பது தண்ணீர். ஆஸ்திரேலிய மானாவாரி விவசாயிகள் பயறு வகைகளுக்குப் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு கைகொடுக்கும். விதைக்கும்போது மண்ணில் இருந்த ஈரம், பருவ மழை, பாசனம் மூன்றையும் மில்லிமீட்டரில் கூட்டுங்கள். செடிக்குப் போகாமல் மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் பங்காக 130 மில்லிமீட்டர் வரை கழியுங்கள். மீதியை 15-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ எட்டலாம் என்பது வரும்.

மொத்தம் 330 மில்லிமீட்டர் என்றால் கழித்தபின் 200. பதினைந்தால் பெருக்கினால் 3,000 கிலோ, அதாவது 3 டன். கிடைத்தது 2.7 டன் என்றால் தண்ணீர்தான் எல்லை, உங்கள் வேலையில் பெரிய குறை இல்லை. கிடைத்தது 1.5 டன் என்றால் பாதி வேறெங்கோ போயிருக்கிறது. மழை தாராளமான இடங்களில் எல்லை வெளிச்சத்துக்கு மாறும்: பயிர் எவ்வளவு சீக்கிரம் தரையை மூடியது, எத்தனை நாள் இலை பச்சையாக நின்றது என்பதே அங்கே கணக்கு.

இது துல்லியமான கருவி இல்லை. மழை எவ்வளவு என்பதோடு எப்போது பெய்தது என்பதும் முக்கியம். ஆனாலும் கண்மூடித்தனமான குறைசொல்லலிலிருந்து இது நம்மைக் காப்பாற்றும்.

படி 2: அறுவடைக்கு முன் எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். காய்கள் கறுக்கத் தொடங்கியதும், இன்னும் வெடிக்காத நிலையில், வயலில் ஐந்தாறு இடங்களில் ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து நான்கு எண்களை எடுங்கள்: சதுர மீட்டருக்குச் செடிகள், செடிக்குக் காய்கள், காய்க்கு விதைகள், ஒரு விதையின் எடை. நான்கையும் பெருக்கினால் சதுர மீட்டருக்குக் கிராம் கிடைக்கும். அதை 100-ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு டன்.

20 செடி, செடிக்கு 12 காய், காய்க்கு 3 விதை, விதை 0.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 × 12 = 240 காய்கள், 720 விதைகள், 432 கிராம். ஹெக்டேருக்கு 4.3 டன்.

இதே எண்களை வயலின் நல்ல பகுதியிலும் மோசமான பகுதியிலும் தனித்தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செடி எண்ணிக்கையே குறைவு என்றால் சிக்கல் விதைப்பிலும் முளைப்பிலும். செடிகள் சரியாக இருந்து காய் குறைவு என்றால் பூக்கும் காலத்தில். காய்க்கு விதை குறைவு, உள்ளே சுருங்கிய கருக்கள் என்றால் மகரந்தச் சேர்க்கையிலோ காய்பிடித்த உடனே வந்த நெருக்கடியிலோ. எல்லாம் சரி, விதை மட்டும் சிறுத்திருக்கிறது என்றால் கடைசி வாரங்களில் வெப்பம், வறட்சி, இல்லையென்றால் இலையைச் சீக்கிரம் உதிரவைத்த நோய்.

பெரும்பாலான வயல்களில் அதிகம் ஆடும் எண் காய்களின் எண்ணிக்கைதான். விதை எடையை ரகம் பெருமளவு பிடித்து வைத்திருக்கும். காய்க்கு எத்தனை விதை என்பதும் ஓரளவுக்கு மேல் மாறாது. ஆகவே அடுத்த படியில் காய்களையே கூர்ந்து பார்க்க வேண்டும்.

படி 3: தண்டின் கணுக்களைப் படியுங்கள்

ஃபாபா பீன்ஸ் கீழிருந்து மேலாகப் பூக்கும். சில நாட்களுக்கு ஒரு கணு என்ற வேகத்தில் வளர்ந்துகொண்டே ஒவ்வொரு கணுவிலும் ஒரு பூங்கொத்து விடும். அந்தப் பூக்களில் பெரும்பகுதி உதிர்வது இந்தப் பயிரின் இயல்பு. நன்றாக விளைந்த வயலிலும் பாதிக்கு மேல் உதிரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தக் கணுவில் உதிர்ந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பத்துச் செடிகளை வேரோடு பிடுங்கித் தரையில் வரிசையாகக் கிடத்துங்கள். முதல் பூ வந்த கணுவிலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு கணுவிலும் எத்தனை காய் என்று குறியுங்கள்.

அடிக்கணுக்கள் காலியாக, மேலே மட்டும் காய் இருந்தால் தொடக்கப் பூக்கள் வீணாகியிருக்கின்றன. உறைபனி, பூ வந்தபோது தேனீ பறக்க முடியாத குளிர், அல்லது பயிர் அளவுக்கு மீறி அடர்ந்து அடிப்பகுதியில் இருள் விழுந்தது, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். கீழே நன்றாகப் பிடித்து மேலே திடீரென்று நின்றுபோயிருந்தால் தண்ணீர் தீர்ந்திருக்கிறது, அல்லது வெப்பம் முந்திக்கொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று கணுக்கள் மட்டும் காலி என்றால் ஒரு குறுகிய சம்பவம்: சில நாள் வெப்ப அலை, தொடர் மழை, பூக்கும்போது தெளித்த ஏதோ ஒரு மருந்து. பூக்கத் தொடங்கிய தேதி குறிப்பில் இருந்தால் கணுவை எண்ணி அந்த வாரத்தையே கண்டுபிடித்துவிடலாம். வயல் குறிப்பேடு எழுதாதவர்கள் எழுதத் தொடங்குவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் இது.

மிகச் செழிப்பாக வளர்ந்த பயிர் ஏமாற்றுவதும் இங்கேதான் தெரியும். வளரும் நுனியும் இளம் காய்களும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன. ஈரமும் சத்தும் மிதமிஞ்சிய வயலில் நுனி வென்றுவிடும். ஆள் உயரச் செடி, கைப்பிடிக் காய். பக்கத்தில் இடுப்பு உயரத்தில் நிற்கும் பயிர் அதைவிட அதிகம் கொடுக்கும்.

படி 4: செடி எண்ணிக்கை குறைவு என்றால்

விதையளவைக் கிலோவில் மட்டும் வைத்திருப்பதே பல வயல்களில் முதல் தவறு. ஃபாபா பீன்ஸ் ரகங்களில் ஆயிரம் விதைகளின் எடை 300 கிராமிலிருந்து 1,000 கிராமுக்கு மேலும் போகும். ஒரே கிலோ அளவில் ஒரு ரகம் நெருக்கமாகவும் இன்னொன்று இடைவெளி விட்டும் நிற்கும்.

சதுர மீட்டருக்கு எத்தனை செடி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் குளிர்கால விதைப்புக்கு 20 செடியைச் சுற்றியும், கிளைக்க நேரமில்லாத வசந்தகால விதைப்புக்கு அதன் இரு மடங்கு வரையும் இலக்கு வைக்கிறார்கள். செடி எண்ணிக்கையை ஆயிரம் விதை எடையால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஹெக்டேருக்குக் கிலோ வரும். முளைக்காமலும் முளைத்தபின்னும் போவதற்காக அதை ஈடுகட்ட வேண்டும். 25 செடி, 500 கிராம் என்றால் 125 கிலோ. நூற்றில் 85 தேறும் என்றால் 125-ஐ 0.85-ஆல் வகுத்து 147 கிலோ.

ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய விதை, முளைக்கும்போது பருப்பிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கும். 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழம் இதற்குச் சாதாரணம். மேலாக விதைத்தால் காய்ந்த மண்ணில் மாட்டும், பறவைக்கும் இரையாகும். பருப்பிலைகள் கீழே பாதுகாப்பாக இருப்பதால் நுனி பனியில் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

சொந்த விதை என்றால் விதைக்கும் முன் முளைப்புச் சோதனை செய்தே ஆக வேண்டும். உலர்ந்த விதை அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். அஸ்கோகைட்டா என்ற இலைப்புள்ளி நோயும் தண்டு நூற்புழுவும் விதை வழியாகவே வயலுக்குள் வரும்.

படி 5: மண்வெட்டியை எடுங்கள்

ஆய்வகப் பரிசோதனைக்கு முன் ஒரு குழி. பூக்கத் தொடங்கும் சமயத்தில் செடியைப் பிடுங்காமல் சுற்றிலும் மண்ணோடு வெட்டி எடுத்து, தண்ணீரில் மெல்ல அலசுங்கள். பிடுங்கினால் பார்க்க வேண்டியதெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும்.

முதலில் ஆணிவேர். அது நேராக இறங்காமல் ஓர் ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் அங்கே இறுகிய மண் அடுக்கு இருக்கிறது. இந்தப் பயிரின் வேர் இயல்பிலேயே மிக ஆழம் போவதில்லை. அதையும் இறுக்கம் தடுத்தால் ஒரு வாரம் மழை தவறினாலும் பூ உதிரும். வறட்சி என்று நாம் எழுதிவைக்கும் பல நட்டங்கள் உண்மையில் மண் இறுக்கத்தின் நட்டங்கள் என்பது என் உறுதியான கருத்து. அடிமண்ணில் தண்ணீர் இருக்கும், வேர் அங்கே போயிருக்காது. ஈர நிலத்தில் கனமான டிராக்டர் ஓடிய தடங்களில் குழி தோண்டினால் இது பளிச்சென்று தெரியும்.

அடுத்து வேர்முடிச்சு. நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து நிலைநிறுத்தல், அதாவது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் வேலை, நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. உள்ளீடற்ற கூடாக இருந்தால் சிட்டோனா கூன்வண்டின் புழு தின்றிருக்கிறது. அந்த வண்டு வந்ததற்கு முன்னறிவிப்பாக இலை ஓரங்களில் அரைவட்ட வெட்டுகள் இருக்கும். இலை வெட்டால் பெரிய நட்டமில்லை, மண்ணுக்குள் நடப்பதுதான் நட்டம்.

முடிச்சே இல்லை என்றால் மூன்று கேள்விகள். பட்டாணி, மைசூர்ப் பருப்பு, வெட்ச் என்ற தீவனப் பயறு, ஃபாபா பீன்ஸ் நான்குக்கும் ஒரே வகை ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியா) போதும். இவற்றில் எதுவும் அந்த நிலத்தில் விளைந்ததே இல்லை என்றால் நுண்ணுயிர் கலந்து விதைப்பது அவசியம். கலந்த விதையை வெயிலில் வைத்திருந்தீர்களா, பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்துக் கலந்தீர்களா? இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லும். மூன்றாவது மண்ணின் கார அமில நிலை (pH). 6.5 முதல் 8 வரை இந்தப் பயிர் சௌகரியமாக இருக்கும். 6-க்குக் கீழே போகப் போக முடிச்சு குறையும். அமில மண்ணில் சுண்ணாம்பு இடுவதை எந்த உரத்துக்கும் முன்னால் வைக்க வேண்டும். விதைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே இட்டால்தான் பலன் தெரியும்.

முடிச்சு நன்றாக இருக்கும் வயலில் யூரியா போடுவது வீண். மண்ணில் நைட்ரேட் அதிகமானால் செடி தானே முடிச்சு வேலையைக் குறைத்துக்கொள்ளும். கவனம் மணிச்சத்திலும் சாம்பல் சத்திலும் இருக்கட்டும். ஒரு டன் விதை வயலை விட்டுப் போகும்போது ஏறத்தாழ 4 கிலோ பாஸ்பரசும் 10 கிலோ பொட்டாசியமும் கூடவே போகின்றன. மண் பரிசோதனையைப் பார்த்து அதை ஈடுகட்டினால் போதும்.

களைக்கொல்லி எச்சத்தையும் இங்கேயே சரிபாருங்கள். முந்தைய தானியப் பயிருக்கு அடித்த சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகள் கார மண்ணில் நீண்ட காலம் தங்கும். குளோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்த பயிரின் வைக்கோலும் எருவும்கூட பீன்ஸைச் சுருட்டிவிடும். குருத்து முறுக்கி, வேர் கட்டையாக நின்றால் போன வருடத்து மருந்து ரசீதைத் தேடி எடுங்கள்.

படி 6: பூவும் தேனீயும்

இந்தப் பயிர் தன் மகரந்தத்தாலும் காய்க்கும், பிற செடியின் மகரந்தத்தாலும் காய்க்கும். சராசரியாக மூன்றில் ஒரு பங்கு விதைகள் அயல் மகரந்தத்தால் உருவாகின்றன. ரகத்தையும் இடத்தையும் பொறுத்து இது பெரிதும் மாறும். தேனீ வந்து அழுத்தும்போது பூ திறந்து கொடுக்கும் உந்துதல் தன் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகிறது. தேனீ போதாத வயலில் அடிக்கணுக்கள் காலியாகி, பயிர் மேலே காய்த்து ஈடுகட்டப் பார்க்கும். பருவம் நீண்டதாக இருந்தால் ஈடாகிவிடும். குறுகியதாக இருந்தால் ஆகாது.

உங்கள் வயலில் தேனீ எவ்வளவு சேர்க்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. பூக்கும் முன் சில செடிகளை வலைக்கூண்டால் மூடுங்கள். முடிந்தபின் உள்ளே இருந்தவற்றையும் வெளியே இருந்தவற்றையும் எண்ணி ஒப்பிடுங்கள். வெளியே அதிகம் என்றால் தேனீதான் உங்கள் மகசூலின் ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்துகிறது. அப்போது வரப்போரப் பூச்செடிகளையும் தேன்கூடுகளையும் பற்றி யோசிப்பது அர்த்தமுள்ள செலவு. பூவின் குழல் நீளமானது. நீண்ட நாக்குள்ள வண்டுத்தேனீக்கள் முறையாக முன்வாசல் வழியே நுழையும். குட்டை நாக்குள்ளவை அடியில் துளையிட்டுத் தேனை மட்டும் எடுக்கும். பூவின் அடியில் துளைகள் நிறைய இருந்தால் வருகை எண்ணிக்கையை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். பூக்கும் வாரங்களில் பகலில் பூச்சிக்கொல்லி தெளிக்கவே வேண்டாம்.

படி 7: தண்ணீரும் வெப்பமும்

பூப்பதிலிருந்து விதை நிரம்பும் வரை உள்ள காலம்தான் தண்ணீருக்கு மிக நெருக்கடியானது. ஒன்றிரண்டு பாசனம்தான் கொடுக்க முடியும் என்றால் அதை முன்னால் செலவழிக்காமல் இங்கே வையுங்கள். பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மகரந்தம் பாதிக்கப்பட்டுப் பூக்கள் உதிரும். வெப்பத்தை மாற்ற முடியாது, விதைப்புத் தேதியை மாற்றலாம். முன்கூட்டி விதைத்தால் பூக்கள் குளிர்ச்சியான வாரங்களில் விழும். ஆனால் உறைபனி அபாயமும் நோயும் கூடும், பயிர் சாயவும் வாய்ப்பு அதிகம். உங்கள் வட்டாரத்தில் கடைசி உறைபனிக்கும் முதல் வெப்ப அலைக்கும் நடுவே பூக்கும் வாரங்கள் பொருந்துமாறு ரகத்தையும் தேதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதே வழி.

தேங்கும் தண்ணீரைக் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பைவிட இது நன்றாகத் தாங்கும். அந்தத் துணிச்சலில் வடிகாலைப் புறக்கணித்தால் வேரழுகல் வரும்.

படி 8: நோய், பூச்சி, ஒட்டுண்ணி

சாக்லேட் புள்ளி நோயும் அஸ்கோகைட்டாவும் அடிக்கடி குழப்பப்படுகின்றன. சாக்லேட் புள்ளி செம்பழுப்பாக, நடுவில் எதுவும் இல்லாமல் இருக்கும். அஸ்கோகைட்டாவின் சாம்பல் நிறப் புள்ளிக்குள் மிளகுத்தூள் தூவியது போலக் கருந்துகள்கள் தெரியும். முன்னது 15 முதல் 20 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் சில நாள் தொடர்ந்தால் புள்ளி நிலையைத் தாண்டிப் பரவி, பூவையும் இலையையும் கருக்கிவிடும். அந்த நிலையில் மருந்து தெளித்துப் பயனில்லை. பூப்பு தொடங்கும்போது கீழ் இலைகளைப் பார்த்து, வானிலை முன்னறிவிப்பையும் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். துரு நோய் பெரும்பாலும் கடைசியில் வரும். விதை ஏற்கெனவே நிரம்பிவிட்டால் அதற்குச் செலவு செய்வதில் நியாயம் இல்லை.

அசுவினி உறிஞ்சும் சாற்றைவிட அது கொண்டுவரும் வைரஸ் ஆபத்தானது. 1991-92 பருவத்தில் எகிப்தின் நடுப்பகுதியில் மஞ்சள் கருகல் வைரஸ் ஃபாபா பீன்ஸ் பயிரையே அழித்தது. தாக்கிய செடிக்கு மருந்து கிடையாது. தொடக்கத்தில் அசுவினி வந்து இறங்குவதைத் தடுப்பதும், ஓரங்களில் மஞ்சளித்த செடிகளைப் பிடுங்குவதும்தான் வழி. விதைக்குள் துளையிடும் புரூக்கஸ் வண்டு தரத்தைக் கெடுக்குமே தவிர எடையை அதிகம் குறைக்காது.

மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் எல்லாவற்றுக்கும் மேலான எதிரி ஓரோபாங்கே என்ற ஒட்டுண்ணிச் செடி. நம்மிடம் புகையிலைக் காளான் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பம். வேர் கசியவிடும் வேதிப்பொருளை உணர்ந்து முளைத்து வேரிலேயே ஒட்டிக்கொள்ளும். தரைக்கு மேலே அது தலைகாட்டும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். ஒரு செடி லட்சக்கணக்கில் தூசு போன்ற விதைகளை உதிர்க்கும், அவை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆகவே ஒன்றிரண்டு தெரிந்த வருடமே கையால் பிடுங்கி வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். தாமத விதைப்பு இதன் தாக்குதலைக் குறைக்கும். தாங்கும் ரகங்களும் உண்டு: எகிப்தின் கிசா 402, கிசா 843 அவற்றில் பெயர் பெற்றவை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான காப்பு பயிர் சுழற்சி. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அதே நிலத்தில் ஃபாபா பீன்ஸ். இடையில் பட்டாணி போட்டால் அது இடைவெளி ஆகாது, வேரழுகல் கிருமிகளில் பல இரண்டுக்கும் பொது.

படி 9: அறுவடையில் சிந்தியது

விளைந்ததற்கும் மூட்டைக்கு வந்ததற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை யாரும் எண்ணுவதில்லை. அறுவடை இயந்திரம் போனபின் சதுர மீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து உதிர்ந்த விதைகளை எண்ணுங்கள். விதை அரை கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 20 விதை என்பது ஹெக்டேருக்கு 100 கிலோ. கட்டையில் நிற்கும் அடிக்காய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டு முழுக்கக் காயக் காத்திருந்தால் காய் வெடிக்கும். தண்டில் கொஞ்சம் பச்சை இருந்தாலும், விதையின் ஈரப்பதம் 15 சதவீதத்தைச் சுற்றி வந்ததும் அறுவடையில் இறங்கிவிடலாம். காலைப் பனி ஈரத்தில் அறுத்தால் சிந்தல் குறையும்.

படி 10: ஒரே ஒரு காரணத்தைச் சோதியுங்கள்

இதுவரை எடுத்த எண்களை வைத்துப் பெரிய இழப்பு நடந்த கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மிகவும் சாத்தியமான ஒரு காரணத்தை மட்டும் அடுத்த பருவத்தில் மாற்றுங்கள். சுண்ணாம்பு, ஆழ உழவு, விதை நெருக்கம், தேதி, எதுவானாலும் ஒன்று. வயல் முழுக்க அல்ல, இயந்திர அகலத்துக்கு ஒரு பட்டை, பக்கத்திலேயே மாற்றாத ஒரு பட்டை. இப்படி இரண்டு மூன்று இடங்களில். மண் மாறும் திசையிலேயே பட்டைகளை ஓட்டினால் எல்லாப் பட்டைக்கும் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் சமமாகக் கிடைக்கும். அறுவடையில் ஒவ்வொரு பட்டையையும் தனியாக நிறுத்து, படி 2-இன் நான்கு எண்களையும் எடையோடு சேர்த்து எழுதி வையுங்கள். எடை கூடியும் நீங்கள் எதிர்பார்த்த எண் மாறவில்லை என்றால் வேலை செய்தது வேறு காரணம். அதே பட்டைகளை அதற்கடுத்த முறை பீன்ஸ் வரும் வருடத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள்.